காரைத்திட்டுக்கு விக்டோரியா கொண்டுவந்த படகு

காரைத்திட்டுக்குச் சாலை கிடையாது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்குள் தள்ளிக் கிடக்கிற மண்திட்டு அது. கொஞ்சம் குடிசைகள், ஓடு வேய்ந்த ஒரு சின்ன மாதா கோயில், சுற்றிலும் உப்புத் தண்ணீர். அங்கிருந்தவர்கள் மீன்பிடிக்காரர்கள் இல்லை. கரைக்கு வந்து கூலி வேலை செய்கிறவர்கள். உப்பு வாங்கக்கூட படகேறித்தான் வரவேண்டும்.

அந்தப் படகை ஓட்டியவன் ஆசீர்வாதம். அவன் மனைவி விக்டோரியா அதே படகில் தினமும் கரைக்கு வந்து, எளாவூர் நெடுஞ்சாலை ஓரத்து அரிசி ஆலையில் நெல் அவிக்கப் போனாள். வாய்த்துடுக்கு என்று ஆலையில் அவளுக்குப் பேர். வேகாத நெல்லை அள்ளச் சொன்ன மேஸ்திரியிடம், "நீ துன்னுவியா இத்த?" என்று கேட்டவள்.

படகு ஆசீர்வாதத்துடையது அல்ல. படகுத்துறையை அரசாங்கத்திடம் ஏலம் எடுத்திருந்த அருணாச்சலத்துடையது. கரையில் மளிகைக்கடை வைத்திருந்தார் அவர். திட்டில் பாதிப் பேருக்கு அந்தக் கடையில்தான் அரிசியும் எண்ணெயும். அடிப்பலகை உளுத்துவிட்டது என்று ஆசீர்வாதம் அவரிடம் பலமுறை சொன்னான். தார் பூசி, தகரம் அடித்துத் தந்தார். பொங்கல் போகட்டும், மாத்திடலாம் என்றார். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசியில் ஒரு சாயங்காலம். சந்தை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம். திட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த தன் கிடங்குக்கு அருணாச்சலம் சிமெண்டு மூட்டைகளை ஏற்றச் சொன்னார். ஆள் இறங்கட்டும், மூட்டையை அடுத்த நடையில் கொண்டுபோகிறேன் என்றான் ஆசீர்வாதம். அடுத்த நடைக்கு மழை வந்துவிடும், சிமெண்டு வீணாகும் என்றார் அவர். நனைந்தால் வீணாகும் பொருளைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

ஆழமான இடத்தில் காற்று பிடித்தது. தகரம் பிய்ந்து, பலகை திறந்து, படகு அப்படியே அமிழ்ந்துபோனது. ஏழு பேர் செத்தார்கள். ஆசீர்வாதம் அதில் ஒருவன்.

விக்டோரியா அன்று ஆலையில் கூடுதல் நேரம் வேலை செய்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் துறைக்கு வந்தாள். படகு இல்லை. கடை பூட்டியிருந்தது. கரையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளால் தாங்க முடியாதது. விசாரணைக்கு அதிகாரி வந்தார். படகோட்டி குடித்திருந்தான், அதனால் கவிழ்ந்தது என்றார் அருணாச்சலம். பிழைத்து வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கு அந்தக் கடையில் அரிசிக்குப் போய் நிற்க வேண்டுமே. அதிகாரி குடிபோதை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து வீட்டு முத்தம்மாளின் மகள் செல்வி அந்தப் படகில் போனவள். பதினாறு வயசு. முத்தம்மாள் விக்டோரியாவின் வாசலில் மண்ணை வாரி இறைத்தாள்.

"குடிகாரனுக்குப் பொஞ்சாதியா வந்தியே, எம் பொண்ண முழுங்கிட்டானேடி உன் புருசன்."

விக்டோரியா அழவில்லை. "அவரு குடிக்கல, அக்கா," என்றாள். மறுபடியும் சொன்னாள். முத்தம்மாள் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து திட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. பிழைத்தவர்கள்தான் ரொம்ப ஒதுங்கிப் போனார்கள்.

படகு போனதோடு திட்டு கரையிலிருந்து துண்டாகிப்போனது. தண்ணீர் வற்றியிருந்தால் வடக்குப் பக்கமாக மணல்மேட்டைப் பிடித்து, இடுப்பளவு சேற்றில் சுற்றி வரலாம். தண்ணீர் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. காய்ச்சல்காரர்களைக் கட்டிலோடு தலைமேல் தூக்கி வந்தார்கள். பிரசவ வலி எடுத்த ஒருத்தி அந்த மணல்மேட்டிலேயே பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. அருணாச்சலத்திடம் போய்க் கேட்டார்கள். என் படகும் போச்சு, என் சிமெண்டும் போச்சு, நான் யாரைக் கேட்பது என்றார். தாலுகா ஆபீசில் கேட்டார்கள். மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள்.

விக்டோரியா சேற்றில் நடந்தே வேலைக்குப் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரோடும் சேராமல், எல்லாருக்கும் முன்னால்.

தை பிறந்தபின் ஒரு காலை, ஆலைக்கு விறகு வண்டி வந்தது. அடுப்புக்குக் கட்டை எடுத்துப் போட்டவள் ஒரு கட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மரமாக வெட்டிய விறகு இல்லை அது. ஒரு பக்கம் வளைவு, தார்ப்பூச்சு, வரிசையாக ஆணி ஓட்டை. கட்டை உள்ளே உளுக்காமல் கல் மாதிரி இருந்தது.

"இது எங்க கெடைச்சுது?" என்று வண்டிக்காரனைக் கேட்டாள்.

"எண்ணூருக்கு வடக்க, கால்வா ஓரமா. சரக்குப் படகுங்க நெறைய சும்மா கெடக்குது. எல்லாம் லாரில போவுது, படகு யாருக்கு வோணும்? துளசிராமன்னு ஒருத்தரு ஒடைச்சு ஒடைச்சு விக்கிறாரு."

"இன்னும் மிச்சம் கீதா?"

"போன வாரம் ஒண்ணு பாத்தேன்."

விக்டோரியா அந்தக் கட்டையை அடுப்பில் போடவில்லை. மேஸ்திரியிடம் சொல்லாமல் கூலியையும் வாங்காமல் கிளம்பினாள். கரையில் வயல் வேலைக்கு வந்திருந்த புருஷனின் தம்பி ஜோசப்பை இழுத்துக்கொண்டு ரயிலேறினாள். ஜோசப்பும் படகு ஓட்டத் தெரிந்தவன்தான். அண்ணன் செத்ததிலிருந்து தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்தான்.

படகு கால்வாய்க் கரையில் சாய்ந்து கிடந்தது. உப்பும் விறகும் ஏற்றிப் பட்டணத்துக்குப் போன பெரிய படகு. மேல்பலகை இரண்டு வரி பிரித்தாகிவிட்டது. இரண்டு ஆட்கள் கோடாலியோடு மேலே நின்றார்கள். விக்டோரியா நேராக ஏறிப்போய் படகுக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

துளசிராமன் கரையிலிருந்து கத்தினார். "யாரும்மா நீ? எறங்கு."

"இத்த ஒடைக்காத, நைனா. எங்களுக்கு வோணும்."

"டப்பு கீதா?"

"இல்ல."

"அப்ப எறங்கு. பேஜாரு பண்ணாத."

அவள் இறங்கவில்லை. ஏழு பேர் செத்ததைச் சொன்னாள். மணல்மேட்டில் பெற்றவளைச் சொன்னாள். கெஞ்சிச் சொல்லவில்லை, திட்டுகிற மாதிரியே சொன்னாள். துளசிராமன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. வியாபாரி. அவருக்குச் சுண்ணாம்புக் காளவாய் ஒன்று இருந்தது. அதற்குக் கிளிஞ்சல் வேண்டும்.

"உங்க திட்டச் சுத்திக் கிளிஞ்சல் கீதா?"

"காலு வெக்கிற எடமெல்லாம் கீது."

"இந்தக் கோடை பூரா உங்க ஊரே எனக்குக் கிளிஞ்சல் வாரிக் குடுக்கணும். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. சம்மதம்னா எடுத்துக்கினு போ."

ஊரைக் கேட்காமலேயே, "சம்மதம்," என்றாள் விக்டோரியா.

ஊரைக் கூட்டியது ஜோசப். கோயில் வாசலில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். படகு விஷயத்தை அவன் சொன்னதும் பலருக்கு முகம் மலர்ந்தது. ஒரு பெரியவர், "நல்ல காரியம் பண்ணின, விக்டோரியா," என்றார். அந்த விபத்தில் பிழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

விக்டோரியா எழுந்தாள்.

"உங்களுக்காக நான் பண்ணல. நான் வேலைக்குப் போவணும். நீங்க சேத்துல நடந்தா எனக்கு இன்னா? ஆனா கிளிஞ்சல் வார்றதுக்கு நீங்க வோணும். அதனால கேக்கறேன். அன்னிக்கு அந்தப் படகுல இருந்தவங்க எந்திரிச்சு, நடந்தத நடந்தபடி இங்க சொல்லுங்க. சொன்னா படகு வரும். இல்லன்னா நான் போய் அவுங்கள ஒடைச்சுக்கச் சொல்லிடறேன்."

"அண்ணி, இப்ப எதுக்கு அது," என்று ஜோசப் மெதுவாகச் சொன்னான்.

"இப்ப இல்லன்னா எப்ப? நீயும் வாய மூடிக்கினுதான இருந்த."

கடைசியில் அந்தப் பெரியவரே தரையைப் பார்த்தபடி பேசினார்.

"குடிக்கல அவன். மூட்டைய ஏத்தாதன்னு சண்டை போட்டான். தண்ணி வந்ததும் எங்கள ஒவ்வொருத்தரா இழுத்து மணல்மேட்டுல உட்டான். என்னையும் அவன்தான் இழுத்தான். அப்புறம் செல்வி கூப்பிட்டா. திரும்பிப் போனான்."

முத்தம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "எம் பொண்ணத் தேடிக்கினா போனான்?" என்றாள். அவள் பெரியவரின் அருகே போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இத்தினி மாசமா எம் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருந்தியே. அவ ஊட்டு வாசல்ல நான் மண்ண வாரிப் போட்டப்ப பாத்துக்கினுதான நின்ன?"

விக்டோரியாவிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. விக்டோரியாவும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கிக் கிளிஞ்சல் வாரியவள் முத்தம்மாள்தான்.

படகைத் தண்ணீரில் இறக்கி, பிரித்த பலகைகளைத் திரும்ப அடித்து, இடுக்குகளில் தேங்காய் நார் திணித்துத் தார் பூசினார்கள். கால்வாய்க் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி ஊரே இழுத்தது. ஒரு பக்கம் இழுக்க, மறு பக்கம் உள்ளே வருகிற தண்ணீரை இறைக்க. ஏரிக்குள் படகு நுழைந்தபோது ஜோசப் கழியை வாங்கிக்கொண்டு, பின்பக்கம் போய் நின்றான்.

படகு ஓடத் தொடங்கியதும் அருணாச்சலம் துறைக்கு வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர்.

"தொறைய ஏலம் எடுத்தவன் நான். என் தொறையில எவன் படகு உடறது?"

முன்பெல்லாம் அவரை மொதலாளி என்று கூப்பிட்டவள் விக்டோரியா. அன்று படகிலிருந்து இறங்காமலேயே சொன்னாள்.

"உன் தொறைதான்யா. படகு எங்க உன்னுது? ஏரிக்கு அடியில கீது. போய் எடுத்துக்கினு வந்து உடு."

"பொம்பளன்னு பாக்கறேன்."

"என்னப் பாக்காத. இவங்களப் பாரு."

படகில் இருந்த யாரும் இறங்கவில்லை. போலீஸ்காரர், படகு யாருடையது என்று கேட்டார். எங்களுது என்றார்கள். பிறகு முத்தம்மாள் அவரிடம் சிமெண்டு மூட்டையைச் சொன்னாள், தகரம் அடித்த அடிப்பலகையைச் சொன்னாள். பெரியவரும் சொன்னார். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். அருணாச்சலம் கடைப்பக்கம் திரும்பி நடந்தார். அடுத்த ஏலத்துக்கு அவர் வரவில்லை.

அதனால் அவர் கெட்டுப்போய்விடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நிலம் வாங்கினார். தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் அந்த நிலம் அவரைப் பெரிய மனிதராக்கியது. ஏழு பேர் செத்ததற்கு அவர் ஒரு நாளும் எங்கேயும் போய்ப் பதில் சொல்லவில்லை. குடிபோதை என்று எழுதிய எழுத்தும் அப்படியே இருந்தது. அதை மாற்றச் சொல்லி விக்டோரியா வருஷக்கணக்கில் ஆபீஸ் ஏறி இறங்கினாள். பழைய கேஸ், விடும்மா என்பார்கள். விடமாட்டேன் என்பாள்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது, நெல் அவிக்கிறதை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்று சூப்பர்வைசர், வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று கேட்டார்.

"தண்ணில போயிட்டாரு," என்றவள், அந்தச் சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று உடனே சேர்த்துச் சொன்னாள். "குடிக்கல. ஏரில போனாரு." வாழ்நாள் முழுக்க அவள் அதை அப்படித்தான் இரண்டு வாக்கியமாகச் சொன்னாள்.

அதற்கெல்லாம் முன்னால், எழுபத்தேழில் அரசாங்கம் காரைத்திட்டுக்கு மோட்டார் படகு கொடுத்தது. பந்தல் போட்டார்கள். ரிப்பன் கட்டினார்கள். பழைய படகைக் கொண்டுவந்தவள் இவள்தான் என்று யாரோ சொல்ல, முதலில் நீங்கள் ஏறுங்கள் அம்மா என்றார் அதிகாரி.

விக்டோரியா படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல எத்தினி பேரு ஏறலாம் சார்?"

"இருபது பேர்."

"அத்த படகு மேல எழுதிப் போடுங்க. மூட்டை ஏத்தக் கூடாதுன்னும் எழுதுங்க."

"எழுதிடலாம்மா. அடுத்த வாரம் பெயிண்டர அனுப்பறேன்."

"இப்ப எழுதுங்க."

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படகில் ஏறுவதற்குப் போட்டிருந்த பலகைக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். யாரும் ஏற முடியவில்லை. போய் இழுக்கவும் யாருக்கும் தைரியமில்லை. முத்தம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். உச்சி வெயில். பந்தலில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஒரு ஆள் சைக்கிளில் போய் வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்தான். கோணல்மாணலாக எழுதினான்.

பெயிண்ட் காய்கிறவரைக்கும் அவள் நகரவில்லை.