நெய்யாறு கடலில் சேரும் இடம்

காலை ஏழரைக்கு அமரவிளையில் நானும் மகனும் பேருந்து ஏறினோம். வழியில், ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள திருப்புறத்தில் என் மருமகளின் தாயார், என் சம்பந்தி, ஏறிக்கொண்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் நெய்யாறு கடலில் சேரும் இடத்தை எழுபத்திரண்டு வயதாகியும் நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தே தீருவது என்று கிளம்பியிருந்தேன்.

பூவார் படகுத்துறையில் ஒன்பது மணி. படகுக்கு மூவாயிரம் ரூபாய் என்றார்கள். மகன் பேசி இரண்டாயிரத்து ஐநூறாக்கினான். சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

முதலில் அகலமான ஆறு, இரு கரையிலும் தென்னை. சம்பந்தி தண்ணீரில் கைவிட்டபடி தொடங்கினார்.

“அமரவிளைக்காரிய துணி அலக்குன தண்ணியாக்கும் நாங்க இவ்வளவு காலம் குடிச்சது.”

“அதுனாலதானே உங்களுக்கு இந்த நிறம்? நல்ல சோப்பு போட்டுல்லா அலக்கினோம்!”

படகோட்டி சிரித்ததில் படகே ஆடியது.

பிறகு ஒரு ஒடுங்கிய கால்வாய். கண்டல் மரங்கள் மேலே கூடிப் பகலை இருட்டாக்கின. வேர்களின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அதைத் தாண்டியதும் வானம் திறந்தது. கடலின் இரைச்சல் கேட்டது. கண்ணுக்குத் தெரிந்ததோ ஒரு மணல்மேடு மட்டும்.

“அம்மச்சி இறங்கண்டா. மணல் சரியும். இங்க இருந்து கண்டா மதி, போதும்,” என்றார் படகோட்டி.

“முட்டுவலின்னு நேத்தும் தைலம் தேச்சீங்க. இரிங்கம்மா,” என்றான் மகன்.

மேட்டைப் பார்க்கவா வந்தேன்?

“எலே, இந்த ஆறு எனக்க வீட்டுப் பின்னால இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கு. எனக்கு நாலடி நடக்க முடியாதா?”

அதற்குள் சம்பந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கையை நீட்டினார். “வாருங்க. விழுந்தா ரெண்டுபேருமா விழுவோம்.”

விழவில்லை. மேட்டின் உச்சியில் நின்று பார்த்தேன். ஆறு தள்ளியது, அலை திருப்பித் தள்ளியது. ஆறு மறுபடியும் தள்ளி உள்ளே போயிற்று.

“பாத்தாச்சா?” என்றார் சம்பந்தி.

“பொறுங்க. இப்பதானே வந்தேன்.”

படகோட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் திரும்பினோம்.

அமரவிளைப் பாலத்துக்குக் கீழே இதே ஆறு சத்தமில்லாமல் கிடக்கும். இங்கே கடலோடு மல்லுக்கு நிற்கிறது. வெளியூர் போன நம் வீட்டுப் பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. நன்றாகத்தான் இருக்கிறது.