பனிமேல் குங்குமம்

ஒரு வருடம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருந்தது. ஆனால் கனடா விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, நீங்கள் ஐந்து வருடம் வரை தங்கலாம் என்று சொல்லிப் புன்னகைத்தார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்காத சலுகையை எந்த அதிகாரியும் கொடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். யாரோ கேட்டிருக்கிறார்கள். எங்களை அழைத்துப் போக ஊருக்கு வந்திருந்த மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்தேன். அவள் பெட்டிகளை எண்ணுவது போல வேறு பக்கம் பார்த்தாள்.

என் கவலை ஒன்றுதான். திருத்தணியில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. மலைக்குப் போகும் பஸ் வளைவில் அடிக்கும் ஹாரன் அங்கே கேட்கும். மிச்ச காலம் அந்த வீட்டில்தான் என்று நான் முடிவு செய்து நாளாகிறது. மகளும் மருமகனும் வேறு முடிவு செய்து, அதை எனக்குத் தவணை முறையில் தெரிவிக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டது.

முதல் தவணை ஒரு ஜாக்கெட். வந்து இறங்கிய வாரமே கடைக்குக் கூட்டிப் போய் எனக்கும் மனைவிக்கும் மழையும் காற்றும் புகாத தடித்த ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். பத்து வருடம் தாராளமாக உழைக்கும் என்றார் கடைக்காரர். ஒரு வருடம் தங்குகிறவனுக்குப் பத்து வருட ஜாக்கெட் எதற்கு? நான் கேட்கவில்லை. சாட்சியங்கள் சேரும்வரை விசாரணை அதிகாரி வாயைத் திறக்கக் கூடாது.

மகள் இருந்தது கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊர். சனிக்கிழமை என்றால் குடும்பம் முழுக்க வெளியே கிளம்ப வேண்டும். அது அந்த வீட்டின் சட்டம். காலையில் மருமகன் போனை எடுத்து, "மாமா, மழைக்கு நாப்பது பர்சென்ட்தான்" என்பார். மணவூர்க்காரர், நல்ல பிள்ளை, எதற்கும் சிரிப்பார். அதுவே எனக்கு ஆகாது. எங்கள் தாலுகா அலுவலகத்தில் மழைமானி உண்டு. காலையில் அளந்து மேலே தகவல் அனுப்புவோம். பெய்த மழைக்குத்தான் கணக்கு, பெய்யப் போகும் மழைக்குக் கணக்கு கிடையாது. அந்த ஊரிலோ நாற்பது பர்சென்ட் என்றால் முழுசாக நனைவோம், தொண்ணூறு என்றால் வெயில் அடிக்கும்.

மே மாதம் கலங்கரை விளக்கம் பார்க்கப் போனோம். ஒரே மூடுபனி. பாறை மேல் நின்றுகொண்டு மருமகன் வெள்ளையை நோக்கிக் கை நீட்டினார்.

"அங்கதான் மாமா லைட்ஹவுஸு."

"எங்க?"

"அதோ, நேரா."

"அப்ப கடல்?"

"அதுக்குக் கீழ."

பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்ட தல ஆய்வுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். அன்று குடும்பத்தோடு ஒன்று நடத்தினோம். புளிசாதம் காருக்குள்ளேயே விறைத்துப் போயிருந்தது. பேத்தி மட்டும் வருகிற காற்றைக் கடித்துத் தின்பது போல வாயைத் திறந்துகொண்டு ஓடினாள். மருமகன் என்னைப் போட்டோ எடுத்தார். "சிரிங்க மாமா." அன்றிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் நான் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டோக்கள் உடனுக்குடன் திருத்தணி உறவுகளுக்குப் போயின. நாளைக்கு நான் ஊருக்குப் போகணும் என்று வாதிட்டால், இத்தனை படத்தில் சிரித்தாயே என்று கேட்பதற்கான ஆவணத் தயாரிப்பு அது என்று எடுத்துக்கொண்டேன்.

கோடையில் காட்டில் புளூபெர்ரி என்கிற நீலப் பழம் பறிக்கப் போனோம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் காதுமடலைக் கடித்து வீங்க வைத்தன. அப்படி வீங்கிய காதோடு உட்கார்ந்திருந்தபோதுதான் மகள் சாதாரணமாகக் கேட்டாள், "நைனா, நம்ம வீட்டுக் கீழ் போர்ஷன வாடகைக்கு உடலாமா? சும்மா பூட்டி வெச்சா வீணாப் போவுமே."

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவது வழக்கம். காரியம் ஆக வேண்டுமானால் அந்த நைனா கொஞ்சம் நீளும். அன்று நீண்டது.

"பூட்டின வீட்ட நான் போய்த் தொறந்துக்கிறேன்" என்றேன். மனைவி கூடையைப் பார்த்துக்கொண்டு பழம் பொறுக்கினாள். அவள் என் பக்கம் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. சொல்லப்போனால், அந்த வருடத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

இலை உதிரும் காலம் வந்ததும் ஊர் எல்லையில் இருந்த பூங்காவுக்கு அடிக்கடி போனோம். அங்கே சின்னக் குன்று ஒன்று. மேலே ஏறிக் கடலைப் பார்க்க மரப்படிகள் போட்டிருந்தார்கள். மனைவிக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. வேறு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தாலும் அந்தப் படிக்கே போகலாம் என்பாள். ஆனால் ஏறும்போது மட்டும், "முட்டி வலிக்குது, நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வரேன்" என்று பின்தங்கிவிடுவாள். நாங்கள் மேலே குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்போம். அவள் கடைசியில், முட்டி வலித்தவளின் முகமே இல்லாமல், தெளிவாக வந்து சேருவாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. இரவெல்லாம் பனி கொட்டிவிட்டுக் காலையில் வெயில் அடித்தது. படிகள் இட்லி போல வெள்ளை வெளேரென்று இருந்தன. பூங்காவில் வேறு ஆள் இல்லை. வழக்கம் போல நாங்கள் மேலே போய்விட்டோம். திடீரென்று கீழிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கத்தியது. யாருக்கோ அடிபட்டிருக்கிறது, ரத்தம், யாராவது வாருங்கள் என்று.

மகள் ஓடினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னால் ஆன வேகத்தில் இறங்கினேன். பாதி வழியில் நாயோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றிருந்தார். ஆம்புலன்சைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டார். அவருக்கு எதிரே என் மனைவி, படியை நோக்கிக் குனிந்தபடி, திருடி மாட்டிக்கொண்டவள் போல. கீழே பார்த்தேன். அடிப்படியில் இருந்து அவள் நின்ற படி வரைக்கும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பனிமேல் சிவப்புப் பொட்டு. ஈரத்தில் கரைந்து கசிந்துகொண்டிருந்தது. பார்த்தால் சத்தியமாக ரத்தம்தான்.

திருத்தணியில் வேண்டுதல் உள்ள பெண்கள் மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறுவார்கள். இவள் அதைக் கனடாவில் செய்துகொண்டிருந்தாள். பத்து வருட ஜாக்கெட்டின் ஜிப் வைத்த பைக்குள் குங்குமச் சிமிழ். மஞ்சளும் வைத்திருக்கிறாள். பனிமேல் மஞ்சளைப் பார்த்தவர்கள் அதை நாயின் வேலை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிவப்பு காட்டிக் கொடுத்துவிட்டது.

மகள் அந்த அம்மாளுக்கு விளக்கினாள். அவர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். பிறகு மிதித்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். போகலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, படியின் மறு ஓரமாகவே ஏறிப் போனார்.

"இன்னாம்மா இது?" என்றாள் மகள். "முட்டி வலி, முட்டி வலின்னு சொல்லிகினு பின்னால வந்ததெல்லாம் இதுக்குத்தானா?"

"முட்டியும்தான்டி வலிக்குது. ரெண்டும் ஒண்ணா நடக்குது."

"எவ்ளோ நாளா?"

"இந்தப் படியப் பாத்ததுலேந்து. மழ பேஞ்சி கழுவிடும், யாருக்குத் தெரியப் போவுதுன்னு இருந்தேன். பனி இப்பிடி மாட்டி உடும்னு எனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஊருக்குப் போய்ச் சேரணும் என்று வேண்டியிருக்கிறாள், பாவம். இதைச் சாட்சிகள் முன்னால் பதிவு செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"எல்லார் முன்னாடியும் சொல்லு. எதுக்கு வேண்டிகினே?"

அவள் சிமிழை மூடினாள். "நாம இங்கியே இருந்துடணும்னுதான்."

மருமகன் சிரிக்கவில்லை. அந்த வருடத்திலேயே முதல் முறை.

மகள்தான் வாயைத் திறந்தாள். "நைனா, கோவப்படாத. விசாவுக்குப் போடும்போது கெடைக்கிற வரைக்கும் கேளுடின்னு அம்மாதான் சொன்னாங்க."

"ஜாக்கெட்டு?"

"நல்லா உழைக்கிறதா எடுன்னாங்க."

"கீழ் போர்ஷன்?"

"அதுவும் அம்மாதான். என்னைக் கேக்கச் சொன்னாங்க."

இத்தனை மாதமாக நான் கட்டிய வழக்கு முழுவதும் சரி. எதிரியின் பெயர் மட்டும் தப்பு.

"அங்க இன்னா கொறச்சல் உனக்கு?" என்றேன்.

"அங்க நான் வாசப்படியத் தாண்டி எங்க போறேன், சொல்லுங்க. ரேஷன் கட, பேங்கு, எவனாவது கல்யாணம் பண்ணா மண்டபம். நீங்க ரிடையர் ஆன பெறவும் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல டீக்கடையில குந்திகினு ஊர் ஜனத்துக்கு மனு எழுதிகினு கீறீங்க. இங்க மழையோ பனியோ, சனிக்கிழமன்னா எல்லாரும் கெளம்புறோம். நீங்களும் வர்றீங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சிகினாலும் வர்றீங்க."

பேத்தி இந்த நேரத்தில் சிவப்புப் பனியை உருண்டை பிடித்து என் முதுகில் எறிந்தாள். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

காரில் திரும்பும்போது எனக்கு நல்ல வாதம் ஒன்று கிடைத்தது. "நீ வேண்டிகினது யார்கிட்ட? திருத்தணி முருகன்கிட்ட. படி யாருது? இந்த ஊர் முனிசிபாலிட்டிது. எல்லையே வேற. அங்க செய்ய வேண்டியத இங்க செஞ்சா செல்லாது."

மருமகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மனைவி சிமிழைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஆங், அதுவும் சரிதான். அப்ப ஊருக்கே போயி மொறையா செஞ்சிடலாம். ஆனா ஒண்ணு. அங்கயும் சனிக்கிழமன்னா வெளிய போவணும். வெயிலு மழன்னு சாக்கு சொல்லக் கூடாது. ஒத்துகினா டிக்கெட்ல போட்ட தேதியில கெளம்புவோம்."

உடனே ஒத்துக்கொண்டேன். வீடு வந்து காரை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. மூன்று சென்ட் பட்டா வேண்டுகிறவன் ஐந்து ஏக்கர் கேட்டு மனுப் போடுவான். குறைத்துக் கொடுத்ததாக அதிகாரிக்கும் திருப்தி, கேட்டது கிடைத்ததாக அவனுக்கும் திருப்தி. எத்தனை பேருக்கு நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீக்கடையில் எழுதியதை வீட்டுக்கு வந்து நான் பெருமையாகச் சொன்னதையெல்லாம் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போலும்.

அக்னி வெயிலில் திருத்தணி வந்து இறங்கினோம். அந்த வார சனிக்கிழமையே திருவாலங்காட்டுக்கு பஸ். கரும்புத் தோட்டத்து ஓரமாக நடந்து திரும்பி வந்தபோது மண்டை கொதித்தது. ஐப்பசி அடைமழையில் கே.ஜி.கண்டிகைக்கு. அன்று அவள் பெட்டியின் அடியில் இருந்து இரண்டு ஜாக்கெட்டையும் எடுத்தாள். கனடாவிலேயே விட்டுவிட்டு வந்ததாக அல்லவா நான் நினைத்திருந்தேன். டீக்கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், ஐஸு மலைக்குப் போய்கினு கீறீங்களா?"

"ஆங்" என்றாள் மனைவி. "டீயக் கொஞ்சம் சூடாக் குடு. வழி ரொம்ப தூரம்."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலைப்படி. அந்த வேண்டுதல் இன்னும் முடியவில்லை என்கிறாள். எந்த வேண்டுதல் என்று கேட்டால் சொல்வதில்லை. மகள் போன் செய்தால் உள் அறைக்குப் போய்த் தணிந்த குரலில் பேசுகிறாள். அந்த விசாவில் இன்னும் பல முறை போய்வரலாம் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா வரேன்" என்கிறாள் அடிப்படியில் நின்று. இங்கே படிக்குப் படி எத்தனையோ பெண்கள் வைத்த மஞ்சள், குங்குமம். எது அவள் வைத்தது, எதற்காக வைத்தது என்று எந்த விசாரணையிலும் நிரூபிக்க முடியாது. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஏறுகிறேன்.