தண்ணீரை மூடுவதற்கு முன்

இந்த நாட்டுச் சமையலறைத் தொட்டியில் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டிக் குழாய் உண்டு. கழுத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் வாலோடு வெளியே வரும். அமுக்கினால் பூவாளிபோலத் தண்ணீர் தெளிக்கும். ஸ்ப்ரேயர் என்கிறார்கள். வந்த புதிதில் அதை வைத்து விளையாடாத நம்மவர்கள் குறைவு. தொண்ணூற்றேழு கோடையில் எங்கள் ஒஹையோ வீட்டு ஸ்ப்ரேயர் ஒழுக ஆரம்பித்தது. ஆளில்லாத அடுக்களையில் யாரோ மெதுவாகப் பாத்திரம் கழுவுவதுபோல ஒரு சத்தம். இரண்டு தடவை "யாரு?" என்று கேட்டும்விட்டேன். தனியாக இருக்கையில் எனக்குப் பயமாகவே இருந்தது. மனைவி புதிது ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃபிராங்கிடம் இரவல் கேட்டிருந்தேன். முதலில் தொட்டிக்கு அடியிலுள்ள வால்வை மூடு என்று புதிய ஸ்ப்ரேயரின் அட்டையில் போட்டிருந்தது. தண்ணீரை மூடப்போகிறோம் என்றதும் கை தானாக வீட்டுப் பாத்திரங்களை நிரப்பத் தொடங்கியது. ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் கண்ட கை அது. ஸ்பேனரோடு வந்த ஃபிராங்க் தரையில் நிரம்பி நின்ற பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, புயல் ஏதும் வருகிறதா என்றார். தண்ணீரை மூடவேண்டுமாமே என்றேன். மூடினால் திறந்துகொள்ளலாமே என்றார். அசடு வழிந்தேன்.

அவர் போனபிறகுதான் கவனித்தேன். குக்கர், இட்லிச் சட்டி, பால் பாத்திரம் என்று ஏழு பாத்திரங்கள், விளிம்புவரை தண்ணீரோடு, வரிசையாக. எங்கள் பக்கத்தில் நீர்மாலைக்குத்தான் அப்படி வைப்பார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்காக, தலைக்குமேல் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, பிள்ளைகள் ஆளுக்கொரு குடம் ஆற்றுத் தண்ணீர் எடுத்து வருவது. போன வருடம் ஆழ்வார்திருநகரியில் அம்மாவுக்காக என் குடத்தைச் சித்தப்பா மகன் எடுத்தான். அம்மாவுக்கு முடியவில்லை, உடனே புறப்படு என்று அக்கா போன் செய்த ஐந்தாம் நாள் அது. டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். கிடைத்தது. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களோ என்று பயந்து வேண்டாமென்றுவிட்டேன். மனைவிக்குக்கூடத் தெரியாது.

"ஒரே ஒரு டிக்கெட்டு கூடவாலே கெடைக்கல?" என்று அக்கா பிறகு கேட்டாள். "அம்ம கடைசி வர வாசலயே பாத்துக்கிட்டு கெடந்தா."

"கெடைக்கலக்கா" என்றேன்.

வால்வை மூடிவிட்டு, தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் திருகினேன். கீழிருந்து பார்க்கையில் இடம் வலமாகிவிடுகிறது. கழற்றுவதாக நினைத்து அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் பழைய ரப்பர் கழன்று, உள்ளே தங்கியிருந்த தண்ணீர் வாயில் விழுந்தது. அம்மா வாயில் கடைசியாகத் தண்ணீர் விட்டது யார் என்று அக்காவிடம் நான் கேட்டதே இல்லை.

புதியதை மாட்டி வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

ஸ்பேனரை வாங்க வந்த ஃபிராங்க் குனிந்து பார்த்து, பிரமாதம் என்றார். உதவி செய்கிற எண்ணத்தில் முதல் பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தார்.

"ஊத்தாதீங்க அண்ணாச்சி" என்றேன், தமிழில்.

அவருக்குச் சொல் புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. பாத்திரத்தைப் பிடித்தபடியே, என்ன ஆயிற்று என்றார். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாதது ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு நான் போயிருக்கலாம், முடியாதென்று பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவர் முகம் இளகியது. போன ஞாயிறு அவர் ஏரிக்கு மீன்பிடிக்கக் கூப்பிட்டபோது வேலை இருக்கிறதென்று சாக்குச் சொல்லியிருந்தேன். அதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். தோளில் தட்டினார்.

"இதற்கா இவ்வளவு? அடுத்த தடவை வந்தால் போயிற்று."

தலையாட்டினேன். நான் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் என்னை மன்னித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். அக்காவிடம் இதைத் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.