மூங்கில் அளவு

ஓமலூர்ப் பக்கத்துப் பெருநிலக்காரரான மிட்டாதார் ஒருவரிடம் நான் எழுத்தராக இருந்தபோது வேட்டைக்காரர் ஒருவரை ஒரே நாள் பார்த்தேன். வெடிமருந்துப் புகை ஏறி அவர் வலக்கன்னம் கருத்திருந்தது.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் தம் துப்பாக்கியில் மிட்டாதார் புதிதாகத் தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்தியிருந்தார். அதைக் குறிக்குச் சரிசெய்யவே வேட்டைக்காரரை அழைத்திருந்தார். பனைமரத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தோம். அவர் இடுப்பிலிருந்து சின்ன மூங்கில் குழாயை எடுத்து, மருந்தை நிரப்பி, விரலால் வழித்துச் சமமாக்கிக் கெட்டித்தார். குண்டு பொட்டுக்கு இடப்பக்கம் பாய்ந்தது.

“கண்ணாடியைத் திருகு” என்றார் மிட்டாதார்.

“மூணு குண்டும் ஒரே பக்கம் போனாத்தானுங்க கண்ணாடி மேல குத்தம். ஒண்ணை வெச்சுத் திருகமாட்டனுங்க.”

ஒவ்வொரு வெடிக்கும் குழலைத் துடைத்து, மூன்று குண்டும் இடப்பக்கமே போன பிறகுதான் திருகினார். நான்காவது குண்டு பொட்டில் விழுந்தது.

மிட்டாதார் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். “குறி வெச்சது நாந்தான்னு சொல்லிக்குவேன். நாளைக்குப் பன்னி வேட்டைக்கு விருந்தாளிங்க வாராங்க. நீ அந்தப் பக்கம் தலையைக் காட்டாதே. அந்த மூங்கிலைக் குடுத்துட்டுப் போ.”

வேட்டைக்காரர் மூங்கிலை மடியில் செருகினார். “துப்பாக்கி உங்களுதுங்க, கண்ணாடியும் உங்களுதுங்க. அளவு என்னுதுங்க. மருந்து கூடக்கொறைய ஆனா குண்டு எடம் மாறிப் போயிருமுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

மறுநாள் விருந்தாளிகள் பார்த்திருக்க, மிட்டாதார் சுட்ட குண்டு ஒன்றுகூடப் பன்றிமேல் படவில்லை. அன்று மாலை, அந்த மூங்கில் எவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்டார்.

சரியாக என் சுண்டுவிரல் நீளம்.

“கவனிக்கலைங்க” என்றேன்.