அக்காவின் கோப்பை

றம்லாவின் கணவர் இறந்தது 2013இல். இத்தா என்ற துக்க காலத்தில் இருந்த அந்த மாதங்களில் றம்லா வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஓர்ஸ் ஹில்லில் பக்கத்து வீட்டு அக்கா பாக்கியரத்தினம் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வந்து கதைத்துக்கொண்டிருப்பார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்; மச்சம் மாமிசம் தொடாதவர். இறைச்சி பட்ட வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதைச் சொல்லிக் காட்டியதில்லை. தாகமில்லை என்று மட்டும் சொல்வார்.

றம்லாவுக்கு அது விளங்கியது. கல்யாணத்துக்கு மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த தேநீர்க் கோப்பைகள் அலுமாரியில் பாவிக்காமல் கிடந்தன. பொன் விளிம்பும் நீலப் பூவுமாக, முட்டைக் கோதுபோல மெல்லியவை. "இதில இறைச்சி மணம்கூடப் பட்டதில்லை, அக்கா" என்று ஒன்றில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது அக்காவின் கோப்பை. அதைக் கழுவித் துடைக்க ஒரு தனித்துணிகூட இருந்தது. மற்றவை அலுமாரியிலேயே இருந்தன.

றம்லா உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் குசினியில் வேலை செய்கிறார். அண்மையில் அங்கே கோப்பை விற்க வந்தவர், ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கம் விரல் தெரிவதைக் காட்டினார். மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி வெள்ளைக் களிமண்ணோடு குழைத்த இங்கிலாந்து வேலை என்று பெருமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் றம்லா அக்காவின் கோப்பையை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அடியிலிருந்த முத்திரையைப் படமெடுத்து அந்த வியாபாரிக்கே அனுப்பினார். அதே வகைதான் என்று பதில் வந்தது.

அடுத்த வெள்ளி தேத்தண்ணி புதுக் கிளாஸில் வந்தது.

"என்ன றம்லா, என்ர கோப்பையை வித்துப்போட்டீங்களோ?"

உடைந்துவிட்டது என்றார் றம்லா.

"அதுக்கேன் முகம் இப்பிடி வாடிக்கிடக்கு? மற்றதுகள் இருக்குத்தானே. அதில ஊத்தித் தாங்கோவன்."

எழுந்து அலுமாரிவரை போன றம்லாவால் கதவைத் திறக்க முடியவில்லை. அங்கேயே நின்று, கோப்பை உடையவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

பாக்கியரத்தினம் கிளாஸை மேசையில் வைத்தார்.

"சொல்லாமல் விட்டிருக்கலாமே, றம்லா."

"ஏலாது அக்கா. ஊத்தித் தந்தது நான்."

"குடிச்சது நான்."

தேத்தண்ணியை முடிக்காமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு வெள்ளி வரவில்லை. சுத்தமானது என்று தேடியெடுத்ததே இதைத்தானே என்று றம்லா குசினியில் நின்று யோசித்தார். சொன்னது பிழையா, கொடுத்தது பிழையா என்று பிரிக்க முடியவில்லை.

நேற்று வெள்ளி பாக்கியரத்தினம் வந்தார். வீட்டிலிருந்து தன் சில்வர் பேணியைக் கொண்டுவந்திருந்தார். றம்லா அதில் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் அக்கா தானே அதைக் கழுவி, கையோடு எடுத்துப்போனார்.