மலை கேட்டுல மாரியம்மா என்னைய உக்கார வச்ச கதை

எனக்கு மூச்சு நின்னு போச்சுங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லல. மெர்டேக்காவுக்கு, அதான் மலாயா சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முன்னாடி, சிங்கப்பூர் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிச்சிக்கிட்டு இருந்தப்ப, நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு. ஆஸ்பத்திரில முதுகுல ஊசியக் குத்தி உறிஞ்சி எடுத்தாங்க. "வீட்டுக்குப் போ, மாடிப்படி கூட ஏறாத"ன்னு சொல்லி பெட்டியோட மலாக்காவுக்கு, எங்க காஜா பெராங்குக்கு அனுப்பிட்டாங்க.

நாடே கொடியப் புடிச்சிக்கிட்டு ஆடுச்சு. நான் சன்னலோரம் படுத்து சத்தத்த மட்டும் கேட்டேன். அழுதேன். சிரிக்கிறவங்க சிரிச்சிக்குங்க, எனக்கென்ன.

தெனம் ராத்திரி நான் தூங்குன பொறவு அம்மா வந்து என் முதுகுல கைய வச்சுப் பாப்பாங்க. மூச்சு ஓடுதான்னு. நான் முழிச்சிதான் இருப்பேன், தூங்குற மாதிரி நடிப்பேன். அந்தக் கை எனக்கு நெருப்பு மாதிரி இருந்துச்சு.

அடுத்த வருஷம் டாக்டரு படம் எடுத்துப் பாத்துட்டு, தண்ணி இல்ல, மெதுவா சைக்கிள் ஓட்டலாம்னு சொன்னாரு. நான் புக்கிட் ரம்பாய் வரைக்கும் ஓட்டுனேன், அப்புறம் குருபோங். தெம்பு வந்துச்சு. காலேஜுக்குத் திரும்பிப் போறேன்னு அப்பாகிட்ட சொன்னேன். அப்பா லோரி ஓட்டுறவரு, பேச்சும் லோரி மாதிரிதான்.

"படி ஏறாதன்னு தொரத்தி விட்டானுங்க. மூணாவது மாடில ரூம் குடுத்தா என்னடா பண்ணுவ? பேசாம என் மொதலாளி தவ்க்கே கடைல கணக்கு எழுது."

"மலையே ஏறிக் காட்டுனா அனுப்புவியா?"

"ஏறிக் காட்டுடா பாப்போம். நானே லோரில ஏத்திக் கொண்டுபோய் விடுறேன்."

அவரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. நான் சிரிக்கல. ஜாலான் பெண்டஹாரா காப்பிக் கடைல ஒட்டியிருந்த நோட்டீஸப் பாத்து, ஃபிரேசர் மலை சைக்கிள் ரேஸுக்குப் பேர் குடுத்துட்டேன். அடிவாரத்து குவாலா குபுலேர்ந்து உச்சி வரைக்கும் ஏத்தம், ஏத்தம், ஏத்தம் மட்டுந்தான். ஏறுனா காலேஜ். ஏறலன்னா தவ்க்கே கடை ஸ்டூலு. அவ்வளவுதான் வாழ்க்கை.

இதுல ஒரு கூத்து. நம்ம மாரியம்மா திருவிழாவுக்குக் காப்பு கட்டுறப்ப நானும் என் கூட்டாளி முத்துவும் பாஞ்சு போய் கைய நீட்டிக் கட்டிக்கிட்டோம். முத்து மலாக்கா சிட்டி வீட்டுப் பையன், பல தலைமுறைக்கு முன்னாடியே இங்க வந்து மலாய்க்காரங்களோட கலந்துட்ட தமிழ்க் குடும்பம். தமிழ் கொஞ்சூண்டுதான் வரும், மிச்சமெல்லாம் மலாய். மறுநாள் அவன்தான் கேட்டான், "டேய், ரேஸு எப்ப?" சொன்னேன். தலைல அடிச்சிக்கிட்டான். "போடோ லா நீ, மடையா! காப்பு அவுக்குறதுக்கு முன்னாடி வருது!"

ரெண்டு பேரும் பூசாரி ஐயாகிட்ட ஓடுனோம். அவரு வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு, "பகல்ல எங்க வேணாலும் போங்கடா. காப்பு கட்டுனவன் ஊரு எல்லைக்கு வெளிய படுத்துத் தூங்கக் கூடாது. ராத்திரி இங்கதான் தலை சாய்க்கணும்."

அங்கதான் வந்துச்சு வினை. எங்க சைக்கிள் கிளப்பு பசங்க எல்லாம் முந்தின நாளே பஸ் ஏறிப் போய் அடிவாரத்துல தங்கிட்டானுங்க. எனக்கு அந்தக் கொடுப்பின இல்ல. அப்பா தவ்க்கேகிட்ட லோரியக் கேட்டு வாங்குனாரு. கோழி கூவுறதுக்கு முன்னாடி அப்பா, நான், முத்து, பின்னால சைக்கிளு, அம்மா கட்டிக் குடுத்த வாழைப்பழம். அவசரகாலம் இன்னும் முடியலியே, காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுங்களுக்குச் சாப்பாடு போயிடக் கூடாதுன்னு வழில போலீஸ்காரங்க நிறுத்தி வாழைப்பழத்தக் கூட எண்ணிப் பாத்தாங்க. போய்ச் சேர்றப்ப விசிலு ஊதியாச்சு. ஒருத்தனும் இல்ல. துண்டு போட்ட ஆளு ஒருத்தரு, "போறதுன்னா போ தம்பி, உனக்காக நேரத்த நிறுத்த மாட்டோம்"னாரு.

மிதிச்சேன்.

ஒரு பக்கம் மூங்கில் காடு, ஒரு பக்கம் பள்ளம். வளைவு முடிஞ்சா வளைவு. பாதி வழிக்கு மேல நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பழைய சத்தம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கேட்ட அதே சத்தம். பயந்துட்டேன். காலு நின்னா அப்பா கிட்ட வந்துடுவாரு, லோரி பின்னாலயே உறுமிக்கிட்டு வருது. அப்பதான் மாரியம்மாகிட்ட வாய் விட்டுக் கேட்டேன்: "அம்மா, கப்பு வேணாம், பேரு வேணாம். மூச்சு மட்டும் குடு. கேட்டு மூடுறதுக்குள்ள கொண்டுபோய் சேத்துடு."

அந்த கேட்டு என்னான்னா, கேப்னு ஒரு எடம். அதுக்கு மேல உச்சி வரைக்கும் ரோடு ஒரு காரு அகலந்தான். அதனால ஒரு மணி நேரம் மேல போற வண்டி, ஒரு மணி நேரம் கீழ வர்ற வண்டின்னு மாத்தி மாத்தி விடுவாங்க. நான் கடைசி வளைவுல திரும்புறேன், என் கண்ணு முன்னாடி கேட்டு இறங்குது. கத்துனேன். காவக்காரரு மலாய்க்கார பெரியவரு, கைய விரிச்சாரு. "சுடா தூத்துப், டே." மூடியாச்சாம்.

சைக்கிளப் புல்லுல தூக்கி எறிஞ்சேன். அப்பா லோரிய நிறுத்தி எறங்கி வந்தாரு. என் நெஞ்சு ஏறி எறங்குறதப் பாத்தாரு. கோவமே இல்ல அவரு குரல்ல, அதான் கஷ்டமா இருந்துச்சு.

"போதும்யா. ஏறு லோரில."

நான் அம்மனத் திட்டுனேன். நெசமாத்தான். உனக்குன்னு காப்பு கட்டுனதாலதான லேட்டு, லேட்டானதாலதான கேட்டு மூடுச்சு, கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் குடுக்கலியே நீன்னு மணிக்கட்டுல இருந்த மஞ்சக் கயித்தப் பாத்துக் கத்துனேன். முத்து வந்து என் தோள அமுக்கி உக்கார வச்சான். அவன் வீட்ல மாரியம்மன டத்தோன்னுதான் சொல்லுவாங்க.

"டூடோக் லா. டத்தோ உன்ன உக்காரச் சொல்றாங்க. உக்காரு."

வேற வழியில்ல, உக்காந்தேன். காவக்காரரு "சபார், சபார்"னு, பொறுமையா இருன்னு சொல்லிக்கிட்டே பால் இல்லாத காப்பி-ஓ ஒண்ணு குடுத்தாரு. வாழைப்பழம் தின்னேன். மேலேர்ந்து காருங்க ஒண்ணொண்ணா எறங்கி வந்துச்சு. மஞ்சு மூஞ்சில வந்து தொட்டுச்சு. எப்ப நின்னுச்சுன்னு தெரியல, அந்த விசில் சத்தம் நின்னுடுச்சு. இழுத்துப் பாத்தேன். அடி வயிறு வரைக்கும் மூச்சு போச்சு.

அப்பதான் எனக்கு மண்டைல ஏறுச்சு. மூச்சு குடு, கேட்டு மூடுறதுக்குள்ள சேத்துடுன்னு ரெண்டையும் சேத்துல்ல கேட்டேன்? கேட்டு தெறந்திருந்தா நான் அப்பிடியே போய் மேல எங்கியாச்சும் விழுந்திருப்பேன். மூச்சக் குடுக்குறதுக்குத்தான் அம்மா கேட்டையே மூடியிருக்கா. காப்பு, லேட்டு, வாழைப்பழம் எண்ணுன போலீசு, எல்லாம் அவ போட்ட கணக்கு.

கேட்டு தெறந்துச்சு. எந்திரிச்சு மிதிச்சேன். கேட்டப் புடிக்கணும்னு உயிரக் குடுத்து ஓட்டுனவனுங்க மேல வழிநெடுக காலப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தானுங்க. எங்க கிளப்பு வாய்ச்சவடால் ஒருத்தன் வாந்தி எடுத்துட்டு நிமுந்தான்.

"டேய் நோயாளி! நீயா?"

"மேல வாடா, பேசிக்கலாம்!"

உச்சிக்குப் போய்ட்டேன். எத்தனாவதுன்னு கேக்காதீங்க, கடைசிலேர்ந்து எண்ணுனா சீக்கிரம் என் பேரு வந்துடும். கப்பு எவனோ வாங்கி, படமும் எடுத்துக்கிட்டான். நான் சைக்கிள விட்டு எறங்கி நின்னு மூச்சு விட்டேன். சத்தமே இல்லாம. அப்பா லோரிய நிறுத்தி, டயர ரெண்டு ஒத ஒதச்சிப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாக்கல.

"காலேஜு எப்ப தெறக்குதாம்?"

அன்னிக்கு ராத்திரி ஊரு எல்லைக்குள்ளயே, எங்க வீட்டுக்கு வந்து படுத்தேன். அம்மா வந்தாங்க. முதுகுல கைய வச்சாங்க. கொஞ்ச நேரம் அப்பிடியே. அப்புறம் எடுத்துட்டு, வெளக்க அணைச்சுட்டுப் போய்த் தூங்கிட்டாங்க. அதுக்குப் பொறவு அந்தக் கை வரவே இல்ல. திருவிழா முடிஞ்சு பால்குடம் எடுத்துட்டு, முத்துவும் நானும் காப்ப அவுத்தோம்.

இத நான் ஹாஸ்டல்ல மூணாவது மாடிலேர்ந்து எழுதுறேன். ஆமா, மூணாவது மாடியேதான் குடுத்தானுங்க. தெனம் ஏறுறப்ப ஒவ்வொரு தளத்துலயும் "நன்றி தாயே"ன்னு சொல்லிட்டுத்தான் ஏறுவேன். முந்தி கோயிலுக்குப் பொங்கல் திங்குறதுக்காகப் போற ஆளு நான், ஊருக்கே தெரியும். இப்ப அப்பிடி இல்ல.

உங்க முன்னாடி ஏதாச்சும் மூடிக்கிச்சுன்னா அம்மன என்ன மாதிரி திட்டிக்குங்க, அவ கோச்சிக்க மாட்டா. ஆனா எந்திரிச்சு லோரில ஏறிடாதீங்க. கொஞ்சம் உக்காருங்க. தெறக்குறவ அவதான்.