மாமன் தைத்த துப்பாக்கி உறை

பரமேஸ்வரனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது லண்டன் இல்ஃபோர்டில் அவருடைய கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். சப்பாத்துக்கு அடித்தோல் வைப்பது, பெல்ட்டுக்குத் துளை போடுவது, கைப்பைக்கு ஜிப் மாற்றுவது என்று சின்னக் கடை. நாய்க்குக் கழுத்துப்பட்டி கேட்டுக்கூட ஆள் வந்திருக்கிறது. துப்பாக்கிக்கு உறை கேட்டு வந்தவன் மட்டும் அவருடைய சொந்த மருமகன், தங்கச்சி அருமைநாயகி பெற்ற டெனுசன்.

அவனுடைய கலியாணத்துக்கு முன்னால் எடுக்கும் வீடியோவுக்காம். பட்டு வேட்டி, மேலே கோட்டு, இடுப்பில் ஒளித்த கைத்துப்பாக்கி. பொம்மைதான். ஆனால் அசல் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

“வேட்டி பெல்ட்டிலை செருகினால் சரிஞ்சு விழுது மாமா. கோட்டுக்கு மேலாலையும் புடைச்சுத் தெரியுது. ஒழுங்கா ஒண்டு செய்து தாங்கோ.”

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த குடும்பமடா இது! உனக்கு அது நகையோ?” அவர் போட்ட சத்தத்தில் வாசலுக்கு வந்த பெண்மணி அப்படியே திரும்பிப் போனாள்.

மறுநாள் அருமைநாயகி போன் செய்தாள். “ஏலாதெண்டால் சொல்லுங்கோ அண்ணை. தலைப்பாகை கட்டவும் வேறை ஆளைப் பாக்கிறன்.”

அங்கேதான் அவர் விழுந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டும் தாய்மாமன் உரிமை ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். மெல்லிய பெல்ட் பாரம் தாங்காமல் தொங்கியது. இரட்டைத் தோல் வைத்துத் தைத்தார். உறையை இடுப்பின் உட்பக்கம் வைத்ததும் கோட்டு படிந்து நின்றது. வேலை நன்றாக வந்துவிட்டதே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

குட்மேய்ஸ் பூங்காவில் படப்பிடிப்பு. பெல்ட்டைச் சரிசெய்ய மாமாவும் போயிருந்தார். டெனுசன் துப்பாக்கியை உருவுவதும் செருகுவதுமாக நின்றான். அதைக் கண்ட யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த போலீஸ் நீட்டியது பொம்மை அல்ல. இந்த மடையன், பொம்மை என்று காட்ட இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான்.

“தொடாதை! கையைத் தூக்கடா!” பரமேஸ்வரன் அலறினார்.

கை மேலே போனது. உயிர் தப்பியது. ஆனால் கத்தியவரின் கைகளோ அவரைக் கேளாமல் தம் இடுப்புக்கே போய், சட்டையைக் கழுத்துவரை தூக்கின. யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் இடுப்பில் குண்டு இல்லை என்று காட்டிப் பழகிய கைகள். துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. வெறும் வயிற்றைக் காட்டியபடி அவர் நின்றார்.

போலீஸ் பொம்மையைப் பறித்து எச்சரித்துவிட்டுப் போனது. வீடியோக்காரன் மட்டும் கமராவை நிறுத்தவே இல்லை.

பின்னேரம் அருமைநாயகி வீட்டு டிவியில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். “அண்ணையின்ரை வயித்தைப் பாருங்கோ!” என்று தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“வேற லெவல் மாமா! கலியாண ஹோலிலை பெரிய ஸ்க்ரீனிலை போடப்போறன்,” என்றான் டெனுசன்.

பரமேஸ்வரன் எழுந்தார். சோபாவில் கிடந்த பெல்ட்டை உறையோடு எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

“போடு. எல்லாரும் பாக்கட்டும். தலைப்பாகைக்கு வேறை ஆளைப் பார். இந்தத் தலையை நான் தொடமாட்டன்.”

சிரிப்பு நின்றது. “அண்ணை!” என்று தங்கச்சி வாசல்வரை ஓடி வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.